தாய்மாரின் சோகை தீர்த்த லூசி வில்ஸ்

காஜாங் பட்டணத்துத் தாய் சேய் நல நிலையத்தில் காலை நேரத்தில் கர்ப்பிணிகள் வரிசையாக அமர்ந்திருப்பார்கள். தாதியர் அவர்களின் எடையைப் பார்ப்பார்கள். இரத்த அழுத்தத்தை அளப்பார்கள். விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்துச் சோதிப்பார்கள். வீடு திரும்பும் தாய்மாரின் கைப்பையில் மாத்திரைகள் இருக்கும். இரும்புச்சத்து மாத்திரை ஒரு வகை. ஃபோலிக் அமில மாத்திரை மற்றொரு வகை. அதே பட்டணத்துப் பல வீடுகளின் சமையலறை அலமாரியில் மஞ்சள் மூடி போட்ட ஒரு சிறிய புட்டியும் இருக்கும். காய்ச்சல் கண்ட பிள்ளைக்கு வெறுங்கஞ்சியில் அரைக்கரண்டி கலந்து கொடுக்கும் மார்மைட் அது. அந்த மாத்திரைக்கும் இந்தப் புட்டிக்கும் நெருங்கிய உறவு உண்டு. அந்த உறவை உலகுக்குக் காட்டியவர் டாக்டர் லூசி வில்ஸ்.

லூசி வில்ஸ் 1888ஆம் ஆண்டு மே மாதம் 10ஆம் நாள் இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகருக்கு அருகிலுள்ள சட்டன் கோல்ட்ஃபீல்டில் பிறந்தார். தந்தையின் குடும்பம் அரிவாள் போன்ற வெட்டுக் கருவிகளைச் செய்து விற்றுச் செழித்த குடும்பம். தந்தை அறிவியல் பட்டதாரி. தாயாரோ பர்மிங்ஹாமில் பெயர் பெற்ற ஒரு மருத்துவரின் மகள். செடி கொடிகளையும் பாறைகளையும் பற்றிய பேச்சு அவ்வீட்டில் அன்றாடம் நடந்தது. பெண் பிள்ளைக்கு இவை எதற்கு என்று அங்கே யாரும் தடுக்கவில்லை. அக்காலத்தில் இது எல்லாப் பெண்களுக்கும் வாய்த்த வசதியன்று.

1903ஆம் ஆண்டு அவர் செல்டனம் மகளிர் கல்லூரியில் சேர்ந்தார். பெண்களுக்கு முறையாக அறிவியல் கற்பித்த பள்ளிகளுள் அது ஒன்று. 1907இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் நியூன்ஹாம் கல்லூரிக்குச் சென்று தாவரவியலும் நிலவியலும் பயின்றார். 1911இல் தேர்வுகளை முடித்தார். ஆனாலும் பட்டம் கிடைக்கவில்லை. பெண்கள் வகுப்பில் உட்காரலாம், தேர்வு எழுதலாம், தேர்ச்சியும் பெறலாம். பட்டம் மட்டும் கேட்கக் கூடாது என்பதே அன்றைய விதி. கேம்பிரிட்ஜ் பெண்களுக்கு முழுப் பட்டம் வழங்கத் தொடங்கியது 1948இல்தான். அப்போது லூசிக்கு வயது அறுபது.

படிப்பு முடிந்த அதே ஆண்டில் தந்தை காலமானார். சில காலத்தில் மூத்த சகோதரியும் இறந்தார். அடுத்தடுத்து விழுந்த இந்த அடிகளுக்குப் பிறகு லூசி 1913இல் தாயாருடன் இலங்கைக்குப் பயணம் செய்தார். அடுத்த ஆண்டு தம்பியுடனும் தோழியுடனும் தென்னாப்பிரிக்காவில் இருந்தபோது முதல் உலகப் போர் மூண்டது. தம்பி படையில் சேர்ந்தார். லூசி கேப் டவுன் மருத்துவமனை ஒன்றில் சில வாரங்கள் தொண்டராகத் தாதிப் பணி செய்தார். அதுவரை இலை நரம்புகளை எண்ணிக்கொண்டிருந்த கைகள் காயங்களுக்குக் கட்டுப் போட்டன. அவ்வாண்டு டிசம்பரில் இங்கிலாந்து திரும்பியவர், 1915ஆம் ஆண்டு ஜனவரியில் லண்டன் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் மாணவியாகச் சேர்ந்தார்.

அக்கல்லூரிக்கும் இந்தியாவுக்கும் பழைய தொடர்பு உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, 1885இல் சென்னையில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவமனை உருவாகக் காரணமாயிருந்த மேரி ஷார்லீப் பின்னர் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியாற்றினார். அந்த மருத்துவமனையில்தான் இக்கல்லூரி மாணவிகள் பயிற்சி பெற்றார்கள். லூசி பயின்ற காலத்தில் இந்தியாவிலிருந்து வந்த ஜெருஷா ஜிராத்தும் அங்கே மகப்பேற்று மருத்துவம் பயின்றார். லூசி 1920ஆம் ஆண்டு தம் 32ஆவது வயதில் மருத்துவப் பட்டம் பெற்றார். ஆனால், அவர் தனியாக மருத்துவ நிலையம் திறந்து நோயாளிகளைப் பார்க்க விரும்பவில்லை. ஆய்வுக்கூடத்தையே தேர்ந்தெடுத்தார். கர்ப்ப காலத்தில் பெண்களின் உடலில் ஏற்படும் வேதி மாற்றங்களை ஆராயத் தொடங்கினார்.

1928இல் இந்தியாவிலிருந்து அழைப்பு வந்தது. இந்தியாவில் பல ஆண்டுகளாக மருத்துவப் பணி செய்துவந்த மார்கரெட் பால்ஃபர், தாய்மார் பிரசவத்தில் இறப்பதற்கான காரணங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். கர்ப்பிணிகளைத் தாக்கிய கடுமையான சோகை அக்காரணங்களுள் ஒன்று. உடல் வெளுத்து, மூச்சு வாங்கி, கால் வீங்கி, உணவே வேண்டாமென்று படுத்துவிட்ட பெண்கள் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டார்கள். அவர்களுள் பலர் பிள்ளை பெறும் முன்போ பெற்ற சில நாள்களிலோ இறந்தார்கள். காரணத்தை ஒருவராலும் உறுதியாகக் கூற முடியவில்லை.

இவ்விடத்தில் சோகை என்பதைச் சற்று விளங்கிக்கொள்ள வேண்டும். இரத்தத்திலுள்ள சிவப்பணுக்கள் நுரையீரலிலிருந்து உயிர்வளியை உடலெங்கும் எடுத்துச் செல்கின்றன. அவ்வேலையைச் செய்வது சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபின். அதை உருவாக்க இரும்புச்சத்து தேவை. இரும்புச்சத்து குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்து வெளிறிப் போகும். உலகில் மிகுதியாகக் காணப்படும் சோகை இதுதான். அக்காலத்தில் காஜாங்கைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களில் வெறுங்காலுடன் பால் மரம் வெட்டப் போனவர்களின் குடலில் கொக்கிப்புழு புகுந்து இரத்தத்தை உறிஞ்சியது. இரத்தத்தோடு இரும்புச்சத்தும் போயிற்று. மலேரியாக் காய்ச்சல் சிவப்பணுக்களை உடைத்தது. தோட்டத்து மக்கள் சோர்ந்து கிடந்தபோது சோம்பேறிகள் என்று ஏசியவர்களும் உண்டு. நோய் என்று அறிந்தவர்கள் குறைவு.

உண்ணும் இரும்புச்சத்து முழுவதும் உடலில் சேர்வதில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். இறைச்சி, மீன் ஆகியவற்றிலுள்ள இரும்புச்சத்து எளிதில் சேர்கிறது. கீரை, பருப்பு ஆகியவற்றிலுள்ளது குறைவாகவே சேர்கிறது. அவற்றோடு எலுமிச்சை, கொய்யா போன்றவற்றிலுள்ள உயிர்ச்சத்து சி கலந்தால் சேர்மானம் கூடும். கெட்டித் தேநீர் கலந்தால் குறையும். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலேயே தே தாரே கோப்பையை வைக்கும் மலேசிய வழக்கத்தை மருத்துவர்கள் அவ்வளவாக விரும்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

பம்பாய்க் கர்ப்பிணிகளின் சோகை இந்த வகையைச் சேர்ந்ததன்று. நுண்ணோக்கியில் பார்த்தபோது அவர்களுடைய சிவப்பணுக்கள் சிறுத்திருக்கவில்லை. மாறாக, இயல்பைவிடப் பெருத்திருந்தன. எண்ணிக்கையோ மிகக் குறைவு. இரும்புச்சத்து கொடுத்தும் பயன் இல்லை. இதுதான் லூசியின் முன் நின்ற புதிர்.

அவர் பம்பாயின் பரேல் பகுதியிலுள்ள ஹாஃப்கின் ஆய்வு நிலையத்தில் பணியைத் தொடங்கினார். முதலில் அவர் ஐயப்பட்டது கிருமிகளை. குடலில் ஏதேனும் கிருமி நஞ்சைப் பரப்புகிறதா என்று நோயாளிகளின் மலத்தைச் சோதித்தார். அங்கே விடை கிடைக்கவில்லை. அடுத்து அவர் நோயாளிகளின் வீட்டு அடுப்பங்கரையை நோக்கித் திரும்பினார். தல்படே என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, பம்பாய்ப் பெண்கள் என்ன உண்கிறார்கள், எப்படிப்பட்ட சூழலில் வாழ்கிறார்கள் என்று கணக்கெடுத்தார். துணி ஆலைகள் நிறைந்த நகரம் அது. ஒரே அறைக்குள் ஒரு குடும்பமே வாழ்ந்த குடியிருப்புகள் ஏராளம்.

கணக்கெடுப்பில் ஓர் உண்மை தெளிவாயிற்று. வசதியுள்ள வீடுகளில் இந்நோய் அரிது. ஏழைகளிடமே அது மிகுதி. அவர்களிலும், பர்தா வழக்கத்தால் வீட்டுக்குள்ளேயே வாழ்ந்த ஏழை முஸ்லிம் பெண்களிடம் அதிகம். தீட்டிய அரிசியும் வெள்ளை ரொட்டியும் அவர்கள் வயிற்றை நிரப்பின. கீரை, காய், பழம், பால் ஆகியவை மிகக் குறைவு. வெயிலே படாமல் வாழ்ந்த பெண்களுக்கு வேறொரு துன்பமும் நேர்வதுண்டு. சூரிய ஒளியால் தோலில் உருவாகும் உயிர்ச்சத்து டி குறைந்து, இடுப்பெலும்பு மென்மையாகி வளைந்து, பிரசவமே உயிருக்கு ஆபத்தாகும். ஆகவே, உணவிலும் ஒளியிலும் ஒருசேரக் குறை வைக்கப்பட்ட தாய்மார்கள் அவர்கள். நோயின் வேர் வறுமையில் இருந்தது. ஆனால் வறுமை என்று மருந்துச் சீட்டில் எழுத முடியாது. அவ்வுணவில் இல்லாமற்போன பொருள் எது என்று கண்டாக வேண்டும்.

லூசி எலிகளுக்கு அப்பெண்கள் உண்ட அதே உணவைக் கொடுத்தார். எலிகளுக்குச் சோகை வந்தது. சினையுற்ற எலிகள் குட்டி போடும் முன்பே மடிந்தன. உணவோடு ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்தபோது இந்த அழிவு தடுக்கப்பட்டது. விடை கைக்கு எட்டியது போலத் தோன்றிய நேரத்தில் ஒரு தடங்கல் ஏற்பட்டது. எலிகளின் உடலில் பேன்கள் பரப்பும் பார்ட்டோனெல்லா என்ற கிருமி இருப்பது தெரியவந்தது. அக்கிருமியும் சோகையை உண்டாக்கும். அப்படியானால் எலிகளை வருத்தியது உணவுக் குறையா, கிருமியா? முடிவு குழம்பிப் போயிற்று. வேறொருவராக இருந்தால் வந்த வரைக்கும் போதும் என்று கட்டுரை எழுதி முடித்திருக்கலாம். லூசி அப்படிச் செய்யவில்லை. பின்னர் பிலிமோரியா என்ற ஆய்வாளருடன் சேர்ந்து, அதே குறை உணவைக் குரங்குகளுக்குக் கொடுத்து மீண்டும் சோதித்தார். அவற்றுக்கும் பெரிய சிவப்பணுச் சோகை வந்தது. இம்முடிவு 1932இல் வெளியாயிற்று.

இதற்கிடையில் 1929ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அவர் நீலகிரியிலுள்ள குன்னூரில் பணி செய்தார். குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் ராபர்ட் மெக்கரிசன் இந்திய உணவு வகைகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். இந்தியாவின் ஒவ்வொரு பகுதி மக்களும் உண்ணும் உணவை எலிக் கூட்டங்களுக்குக் கொடுத்து வளர்த்துப் பார்த்தவர் அவர். கோதுமை ரொட்டியும் பாலும் காயும் உண்ட எலிகள் கொழுகொழுவென வளர்ந்தன. தீட்டிய அரிசியை நம்பிய சென்னை வட்டார உணவை உண்ட எலிகளோ கடைசி இடத்தில் நின்றன. தமிழருக்கு இது இனிப்பான செய்தியன்று. என்றாலும், குறை அரிசியில் இல்லை, அதை வெள்ளை வெளேரென்று தீட்டியதிலும் பக்கத்தில் காயும் கீரையும் வைக்காததிலும்தான் என்பது அதிலேயே அடங்கியிருந்தது.

1931ஆம் ஆண்டின் தொடக்கத்தில் லூசி சென்னைக்கு வந்தார். திருவல்லிக்கேணியிலிருந்த கோஷா மருத்துவமனையில் பணியாற்றினார். மேரி ஷார்லீப்பின் முயற்சியால் உருவான அதே மருத்துவமனைதான் அது. இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என வழங்குகிறது. அங்கும் பம்பாயில் கண்ட அதே வெளிறிய முகங்கள். மொழி வேறு, உடை வேறு, நோய் ஒன்று.

அந்நாளில் சோகைக்கு ஒரு மருந்து இருக்கவே செய்தது. அதுதான் ஈரல். 1926இல் அமெரிக்க மருத்துவர்களான மைனட்டும் மர்ஃபியும், கொடிய சோகை கண்ட நோயாளிகளுக்கு நிறைய ஈரல் கொடுத்துப் பிழைக்க வைத்தார்கள். லூசியின் நோயாளிகளுக்கும் ஈரல் நன்மை செய்தது. ஆனால் ஈரல் சாறு விலை மிகுந்தது. ஆலைத் தொழிலாளியின் மனைவி அதை எப்படி வாங்குவார்? சமய வழக்கத்தால் புலால் தொடாத பெண்ணுக்கு அதை எப்படிக் கொடுப்பது? மலிவாகவும் எல்லாராலும் உண்ணக்கூடியதாகவும் ஒரு பொருள் வேண்டியிருந்தது.

எலிகளைக் காத்த ஈஸ்ட் அவர் நினைவில் இருந்தது. பீர் காய்ச்சும் ஆலைகளில் மிஞ்சிப்போகும் ஈஸ்டிலிருந்து 1902ஆம் ஆண்டு முதல் இங்கிலாந்தில் ஒரு கறுத்த பசை செய்யப்பட்டு வந்தது. ரொட்டியில் தடவி உண்பதற்கான மலிவுப் பொருள். அதன் பெயர் மார்மைட். லூசி அதைச் சோகை கண்ட பெண்களுக்கு மருந்தாகக் கொடுத்தார்.

மாற்றம் சில நாள்களிலேயே தெரிந்தது. மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, உணவைக் கண்டாலே முகம் திருப்பிய பெண்கள் பசிக்கிறது என்றார்கள். இரத்தத்தைச் சோதித்தபோது புதிய இளம் சிவப்பணுக்கள் பெருகியிருந்தன. வாரங்கள் செல்லச் செல்ல வெளிறிய முகத்தில் நிறம் ஏறியது. எழுந்து நடந்தார்கள். இம்முடிவுகளை லூசி 1931ஆம் ஆண்டு ஜூன் மாதம் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியிட்டார். ஈஸ்டிலும் ஈரலிலும் உள்ள ஏதோ ஒரு பொருள் இந்நோயைத் தீர்க்கிறது என்றும், அது உயிர்ச்சத்து பி வகையைச் சேர்ந்ததாகவோ அதனுடன் சேர்ந்திருப்பதாகவோ இருக்கலாம் என்றும் அக்கட்டுரை விளக்கியது. அப்பொருளுக்கு அப்போது பெயர் இல்லை. ஆகவே மருத்துவ உலகம் அதை வில்ஸ் காரணி என்று அழைத்தது.

1933இல் அவர் லண்டன் திரும்பி ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் பணியைத் தொடர்ந்தார். 1937ஆம் ஆண்டின் இறுதியில் மீண்டும் பம்பாய்க்குச் சென்று பத்து வாரம் தங்கினார். இம்முறை கப்பலில் அல்ல. கடல் மீது இறங்கி ஏறும் விமானத்தில் கராச்சி வரை பறந்தார். அப்பயணத்துக்கே ஐந்து நாள் பிடித்தது. அக்காலத்தில் அவர் செய்த ஒரு சோதனை மிக முக்கியமானது. நன்கு தூய்மையாக்கிய ஈரல் சாறு, அமெரிக்க மருத்துவர்கள் கண்ட கொடிய சோகையைத் தீர்த்தது. ஆனால் பம்பாய்ப் பெண்களின் சோகையைத் தீர்க்கவில்லை. தூய்மையாக்காத சாறுதான் தீர்த்தது. அப்படியானால் ஈரலில் இரு வேறு மருந்துப் பொருள்கள் இருக்கின்றன. தூய்மையாக்கும்போது அவற்றுள் ஒன்று வெளியேறிவிடுகிறது என்று அவர் முடிவு செய்தார். அம்முடிவு சரியென்று பிற்காலம் காட்டியது. ஈரல் சாற்றில் எஞ்சியிருந்தது இன்று உயிர்ச்சத்து பி12 எனப்படுகிறது. வெளியேறியதுதான் வில்ஸ் காரணி.

அக்காரணியின் உருவத்தை லூசி கண்டுபிடிக்கவில்லை. அது வேறு கைகளுக்குச் சென்றது. 1941இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் மூன்று அறிவியலாளர்கள் நான்கு டன் பசலைக்கீரையை வடித்து அப்பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலத்தீன் மொழியில் இலைக்குரிய சொல்லைக் கொண்டு அதற்கு ஃபோலிக் அமிலம் என்று பெயரிட்டார்கள். 1945இல் அமெரிக்காவின் லெடர்லி ஆய்வுக்கூடத்தில் அது செயற்கையாக உருவாக்கப்பட்டது. அக்கூடத்தின் ஆய்வுப் பணிகளுக்குத் தலைமை தாங்கியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், ஆந்திராவில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். பம்பாயிலும் சென்னையிலும் தொடங்கிய கதை, சென்னையில் படித்தவர் ஒருவரின் கூடத்தில் மாத்திரையாக உருவெடுத்தது வியப்பான ஒற்றுமைதான்.

ஃபோலிக் அமிலம் இல்லாமல் உடலில் புதிய அணுக்கள் ஒழுங்காகப் பிரிந்து பெருக முடியாது. எலும்பு மச்சையில் பிரியாமல் நின்றுவிடும் அணுக்களே பெருத்த சிவப்பணுக்களாக இரத்தத்தில் வருகின்றன. கருவிலுள்ள குழந்தைக்கும் இதே பொருள் தேவை. கருத்தரித்த முதல் சில வாரங்களில் இது குறைந்தால் குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடாமல் போகக்கூடும். 1991இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, இக்குறையுள்ள பிள்ளையை முன்பு பெற்ற தாய்மார்கள் கருத்தரிக்கும் முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொண்டால் ஆபத்து 72 விழுக்காடு குறைவதைக் காட்டியது. இந்தப் பயனை லூசி அறிந்திருக்க வாய்ப்பே இல்லை.

இரண்டாம் உலகப் போரின்போது அவர் லண்டனிலேயே இருந்து நோயியல் நிபுணராகப் பணியாற்றினார். 1944 ஜூலையில் ஜெர்மானியப் பறக்கும் குண்டு ஒன்று ராயல் ஃப்ரீ மருத்துவமனை மீது விழுந்து சிலர் மாண்டார்கள். ஆய்வுக்கூட வேலை சில நாள்கள் தடைப்பட்டு மீண்டும் தொடர்ந்தது. போர்க்காலப் பங்கீட்டு உணவு கர்ப்பிணிகளின் இரத்தத்தை எப்படி மாற்றுகிறது, எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் வழக்கமாக இரும்புச்சத்து கொடுத்தால் என்ன நிகழும் என்பனவற்றை அவர் அப்போது தம் குழுவினருடன் அளந்து பார்த்தார். அக்கட்டுரை 1947இல் வெளிவந்தது. காஜாங் தாய்மாரின் கைப்பையிலுள்ள இரண்டாவது மாத்திரைக்கும் இவ்வாறு அவர் வரலாற்றில் ஓர் இடம் உண்டு.

லூசி வில்ஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. நகைச்சுவையாகப் பேசுவார், ஆடம்பரத்தைப் பொறுக்கமாட்டார். கார் ஓட்டாமல் மிதிவண்டியில் வேலைக்குச் சென்றார். மலையேறுவதிலும் பனிச்சறுக்கிலும் அவருக்கு விருப்பம் மிகுதி. ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் இரத்தவியல் பிரிவை முதன்முதலாக உருவாக்கியவரும் அவரே. 1947இல் பணி ஓய்வு பெற்ற பிறகும் நாற்காலியில் சாய்ந்துவிடவில்லை. ஜமைக்கா, ஃபிஜி, தென்னாப்பிரிக்கா என்று பயணம் செய்து அங்குள்ள மக்களின் உணவையும் சோகையையும் ஆராய்ந்தார். ஃபிஜியில் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் சந்ததியினர் பெருந்தொகையாக வாழ்ந்தார்கள்.

வாழ்வின் கடைசிப் பத்தாண்டுகளில் அவர் லண்டன் செல்சி வட்டாரத்தில் தொழிற்கட்சியின் சார்பில் மன்ற உறுப்பினராக இருந்தார். 1964ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16ஆம் நாள் தமது 75ஆவது வயதில் காலமானார். அதற்குள் வில்ஸ் காரணி என்ற பெயர் வழக்கொழிந்து, ஃபோலிக் அமிலம் என்ற பெயரே நிலைத்துவிட்டிருந்தது.